திரையில் யாருக்கு எவ்வளவு இடம்?

குந்தாரப்பள்ளியில் தொழிற்பயிற்சி மாணவர்களும் பட்டறை, ஆலை நடத்துகிறவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



கணினித் திரையில் பட்டன்களையும் பெட்டிகளையும் எழுத்துகளையும் அடுக்குகிற வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இணையப் பக்கங்களை விட்டுவிடுவோம். கணினியில் நிறுவி வைத்து, டெஸ்க்டாப்பில் இருக்கும் சின்னப் படத்தை இரண்டு முறை தட்டித் திறக்கிறோமே, அந்த நிரல்களைச் சொல்கிறேன். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரும் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் அவை ஓடாத இடம் குறைவு. சிப்காட் ஆலையின் கேட்டில் செக்யூரிட்டி வண்டி எண்ணைப் பதிவது அதில்தான். உதிரிபாகங்களைச் சோதிக்கிற டெஸ்ட் பெஞ்ச், கிரானைட் லாரி ஏறுகிற எடைமேடை, பால் கொள்முதல் நிலையம், மாங்கூழ் ஆலை, மருந்துக்கடை என்று எங்கே போனாலும், யாரோ ஒருவர் என்றோ எழுதிக் கொடுத்த ஒரு ஃபார்ம் காலை முதல் இரவு வரை திறந்தே கிடக்கிறது.

இந்தக் கூட்டுரோட்டிலிருந்து வேப்பனப்பள்ளி பக்கம் திரும்பினால் ஆந்திரமும் கர்நாடகமும் கூப்பிடு தூரம். வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரே ஆட்டுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் உருதுவிலும் விலை பேசுவதைக் கேட்கலாம். ஆலைகளுக்குள் ஒடிசா, பீகார், அசாம் பிள்ளைகளின் பேச்சும் சேர்ந்துகொள்கிறது. திரைகளில் மட்டும் ஆங்கிலம். ஏன் என்று கேட்டால், மொழிபெயர்க்க ஆள் இல்லை என்பார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இப்படிப்பட்ட ஒரு சின்ன நிரலில் நூறு, இருநூறு சொற்கள் இருந்தால் அதிகம். ஒரு பள்ளி ஆசிரியர் அரை நாளில் எழுதித் தந்துவிடுவார். அந்தச் சொற்கள் உள்ளே வந்து உட்கார இடம் இல்லாதபடி திரையை அடுக்கி வைத்திருக்கிறோம். தடை அங்கேதான் இருக்கிறது. இதைத்தான் இன்று விளக்கிச் சொல்ல நினைக்கிறேன்.

ஒரு திரையைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். மாம்பழ சீசனில் இந்த வட்டாரத்து மாங்கூழ் ஆலை ஒன்றின் எடைமேடைக்குப் போயிருந்தேன். எந்த ஆலை என்பது இங்கே தேவையில்லை. பெங்களூரா காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையில் நிற்கின்றன. மேடைக்கு அடியில் இருக்கும் லோடு செல்களிலிருந்து இண்டிகேட்டருக்கு எடை வருகிறது; அங்கிருந்து சீரியல் போர்ட் வழியாகக் கணினிக்குப் போகிறது. நிரல் விஷுவல் பேசிக் 6-ல் எழுதியது. விவசாயிகள் படிக்கட்டும் என்று ஆலைக்காரர் லேபிள்களைத் தமிழாக்கச் சொல்லியிருந்தார். நல்ல மனசு. ‘கிராஸ்’ என்று ஆங்கிலத்தில் இருந்த இடத்தில் ‘வண்டி எடை லோடுடன்’ என்றும், ‘டேர்’ என்று இருந்த இடத்தில் ‘வண்டி எடை காலியாக’ என்றும் போட்டிருந்தார்கள். ஆனால் அந்த இடங்களின் அகலம் ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து வைத்த அகலம். வால் வெட்டுப்பட்டு, இரண்டு வரியும் ‘வண்டி எடை’, ‘வண்டி எடை’ என்றே நின்றன. ஒன்றுக்கு எதிரே 7,240. இன்னொன்றுக்கு எதிரே 3,760.

ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்த பெரியவர் ஒருவர், “ஏம்பா, ரெண்டு தடவ வண்டி எடையே போட்டிருக்கீங்க, இதுல என் காய் எது?” என்று கேட்டார். உள்ளே இருந்த பையன், “கடைசியா கீழ இருக்குது பாருங்க, அதான் உங்களுது” என்றான். பையன் சொன்னது சரிதான். ஆனாலும் பெரியவர் முகத்தில் சந்தேகம் போகவில்லை. ஒரு வருடம் வளர்த்த காய்க்குக் காசு வரப்போகிற இடம் அது. அந்தத் திரையை அவர் தானே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். இன்னொருவர் விளக்கித்தான் புரியும் என்றால் தமிழில் போட்டதற்குப் பயன் இல்லாமல் போகிறது.

அதே திரையில் இன்னொரு கோளாறும் இருந்தது. பழைய மானிட்டர் பழுதாகிப் புதியது வாங்கியிருந்தார்கள். 1024-க்கு 768 என்ற பழைய அளவுக்காக வரைந்த ஃபார்ம் அது. உயரம் 700 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். புது மானிட்டர் 1366-க்கு 768. எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்று யாரோ விண்டோஸில் அளவை 125 சதவீதமாக்கியிருக்கிறார்கள். 700 இப்போது 875 ஆகிவிட்டது. திரையின் உயரமோ 768 தான். அடியில் இருந்த ‘பிரிண்ட்’ பட்டன் திரைக்கு வெளியே போய்விட்டது. அது அங்கே இருக்கிறது என்ற நம்பிக்கையில் பையன் டேப் விசையை எண்ணி எண்ணித் தட்டி, கடைசியில் என்டர் அடிக்கிறான். சீட்டு வருகிறது. எண்ணிக்கை ஒன்று தப்பினால் அந்தப் பதிவே அழிந்துபோகும், ஏனென்றால் பிரிண்டுக்குப் பக்கத்து பட்டன் ‘கிளியர்’.

இந்த இரண்டு கோளாறுக்கும் வேர் ஒன்று. விஷுவல் பேசிக்கின் முதல் பதிப்பு 1991-ல் வந்தது. மவுஸைப் பிடித்து இழுத்தால் பட்டன் வரும், இன்னொரு இழுப்பில் பெட்டி வரும். அதற்கு முன் விண்டோஸுக்கு நிரல் எழுதுவது என்றால் சி மொழியில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். ஓசூரிலும் கோவையிலும் சிவகாசியிலும் இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து நடத்திய கம்பெனிகள் உள்ளூர்த் தொழிலுக்கு நிரல் எழுத முடிந்ததில் விஷுவல் பேசிக்குக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த நன்றி எனக்கு எப்போதும் இருக்கிறது. ஆனால் அது ஒவ்வொரு பொருளையும் நான்கு எண்களாகத்தான் நினைவில் வைத்துக்கொண்டது. இடமிருந்து எவ்வளவு, மேலிருந்து எவ்வளவு, அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு. அளவை ‘ட்விப்’ என்ற அலகில் எழுதும்; ஓர் அங்குலத்துக்கு 1,440 ட்விப். வரைந்தவருடைய மேசையில் அந்த எண்கள் அழகாகவே இருந்திருக்கும். அவருடைய மானிட்டர், அவருடைய எழுத்துரு, அவர் எழுதிய ஆங்கிலச் சொல் எல்லாமே அந்த நான்கு எண்ணுக்குள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் ஏதாவது ஒன்று மாறினாலும் எண் பொய்யாகிவிடும். நிரலுக்கு அது தெரியவே தெரியாது.

தமிழுக்கு வந்தால் சிக்கல் இன்னும் கூடும். விஷுவல் பேசிக் 6-ன் சொந்த லேபிள்களும் பெட்டிகளும் யூனிகோடு தமிழைக் காட்டா, கேள்விக்குறிகள்தான் வரும். அதனால் பாமினி போன்ற பழைய எழுத்துருவை மாட்டி ஒப்பேற்றினார்கள். அந்த ஃபார்மில் எழுத்தின் இயல்பளவு 8 புள்ளி. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் ‘ணை’, ‘ஞ’, ‘ஊ’ எல்லாம் அந்த அளவில் கறுப்புப் பொட்டாகிவிடும். 11, 12 புள்ளியாவது வேண்டும். எழுத்து பெரிதானால் அகலமும் கூடும், உயரமும் கூடும். ஆங்கிலச் சொல் சின்னதாக இருக்கிற இடத்தில்தான் மொழிமாற்றத்தில் அதிகமாக வீங்கும் என்பது மென்பொருள் துறையில் பழைய பாடம். பத்தெழுத்துக்குள் இருக்கிற ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு இடம் விடுங்கள் என்று ஐபிஎம் நிறுவனமே வழிகாட்டி போட்டிருந்தது. பட்டனிலும் லேபிளிலும் வருவது பெரும்பாலும் அப்படிப்பட்ட குட்டிச் சொற்கள்தானே.

அப்படியானால் வேறு வழி என்ன? பொருளின் இடத்தை எண்ணால் சொல்லாமல், ஒன்றுக்கொன்று உள்ள உறவைச் சொல்லி விடுவது. ‘இந்த லேபிளுக்கு வலப்பக்கம் அந்தப் பெட்டி. லேபிள்கள் எல்லாம் ஒரே பத்தி. அதில் மிக நீளமானது எவ்வளவோ பத்தியும் அவ்வளவு அகலம். மீதி இடம் முழுக்கப் பெட்டிக்கு. பட்டன்கள் அடியில் ஒட்டி நிற்கட்டும்.’ இவ்வளவுதான் நாம் எழுத வேண்டும். எந்தப் பிக்சலில் எது என்று கணக்குப் போடுவது நிரலின் வேலை. அந்தக் கணக்கைப் போடுகிற பகுதிக்கு லேஅவுட் மேனேஜர் என்று பெயர்.

இது புதுச் சரக்கு இல்லை. கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஆஸ்டர்ஹவுட் 1988-ல் டிசிஎல் என்ற மொழியை உருவாக்கினார். அதைத் தொடர்ந்து டிகே என்ற திரைக்கருவித் தொகுப்பு வந்தது. அதில் ‘பேக்’ என்று ஒரு கட்டளை. பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக மேலேயோ பக்கவாட்டிலோ ஒட்டிக்கொண்டே போகும். பிறகு கட்டம் போட்டு அடுக்கும் ‘கிரிட்’ வந்தது. பைத்தான் படிக்கிற மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் பைத்தானோடு வருகிற டிகிண்டர் அந்த டிகேதான். எடைமேடைத் திரையை அதில் எழுதிப் பாருங்கள். முதல் பத்தியில் லேபிள்கள், இரண்டாம் பத்தியில் பெட்டிகள். இரண்டாம் பத்திக்கு ‘வெயிட்’ 1 கொடுங்கள். மிச்ச இடம் எல்லாம் அதற்குப் போகும். பெட்டிக்கு ‘ஸ்டிக்கி’ என்பதில் கிழக்கு, மேற்கு இரண்டையும் கொடுங்கள்; இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு நீளும். அவ்வளவுதான். ‘வண்டி எடை காலியாக’ என்று எழுதினால் முதல் பத்தி தானாக அகலமாகும். ஆங்கிலத்துக்குத் திரும்பினால் தானாகச் சுருங்கும். ஒரு எச்சரிக்கை: ஃப்ரேம் எனப்படும் ஒரே சட்டத்துக்குள் பேக், கிரிட் இரண்டையும் கலக்காதீர்கள். இரண்டு மேனேஜரும் ஒருவர் வைத்ததை மற்றவர் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். முன்பெல்லாம் நிரல் அப்படியே உறைந்து நிற்கும். இப்போதைய டிகே பிழைச் செய்தி தந்து மறுத்துவிடுகிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒரு முறை புரிந்துகொண்டால் ஆயுளுக்கும் போதும். சந்தைக்குக் கடை போட வருகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒவ்வொருவரும் தனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று குத்தகைக்காரரிடம் சொல்கிறார்கள். கயிறு, சாட்டை விற்கிறவருக்கு ஒரு சாக்கு விரிக்கிற இடம் போதும். ஆட்டுக்காரருக்குக் குறைந்தது இவ்வளவு வேண்டும், கூடக் கிடைத்தாலும் நிரப்பிக்கொள்வார். எல்லோருடைய கணக்கையும் கூட்டி, இருக்கிற மைதானத்தைப் பார்த்து, குத்தகைக்காரர் பங்கிட்டுக் கொடுக்கிறார். லேஅவுட் மேனேஜரும் இப்படியே இரண்டு சுற்று போகிறது. முதல் சுற்று கீழிருந்து மேலே: ஒவ்வொரு லேபிளும் பட்டனும் தன்னுள் இருக்கும் எழுத்தை அளந்து தன் தேவையைச் சொல்லும், அவற்றை வைத்திருக்கிற சட்டம் கூட்டி அதற்கு மேல் இருக்கிற சட்டத்துக்குச் சொல்லும். இரண்டாம் சுற்று மேலிருந்து கீழே: விண்டோவுக்குக் கிடைத்த இடம் பங்கு பிரிந்து இறங்கும். மைக்ரோசாஃப்ட் 2006-ல் கொண்டுவந்த டபிள்யூபிஎஃப் என்ற திரைக்கருவித் தொகுப்பில் இந்த இரண்டு சுற்றுக்கும் ‘மெஷர்’, ‘அரேஞ்ச்’ என்று வெளிப்படையாகவே பெயர்.

முதல் சுற்றின் பலனை நம் ஆட்கள் பலர் கவனிப்பதில்லை. கீழிருந்து கூட்டிக்கொண்டு வரும்போதே இந்த விண்டோவுக்குக் குறைந்தது எவ்வளவு இடம் வேண்டும் என்பது நிரலுக்குத் தெரிந்துவிடுகிறது. திரை அதைவிடச் சின்னது என்றால் அதுவும் முன்கூட்டியே தெரியும். அப்போது ஸ்க்ரோல் பட்டையைக் காட்டலாம், எழுத்தைக் குறைக்கலாம். இதைச் செய்து வைத்தால் பிரிண்ட் பட்டன் சத்தமில்லாமல் காணாமல் போகாது.

ஜாவா 1996-ல் வந்தபோது லேஅவுட் மேனேஜரோடுதான் பிறந்தது. ஒரே நிரல் விண்டோஸிலும் சன் நிறுவனத்தின் இயந்திரத்திலும் மேக்கிலும் ஓட வேண்டும் என்றால் பிக்சலை நம்ப முடியாது. அதில் கிரிட்பேக் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் 11 விவரம் கேட்கும். அதைப் பார்த்தே பலர் லேஅவுட்டையே வெறுத்துவிட்டார்கள். நான் மாணவர்களுக்குச் சொல்வது, அதைத் தொடாதீர்கள். நெடுக்காக அடுக்கும் பெட்டி ஒன்று, கிடையாக அடுக்கும் பெட்டி ஒன்று, கட்டம் ஒன்று. இந்த மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால் நம் ஊர்த் தொழிலுக்கு வேண்டிய திரைகளில் கிட்டத்தட்ட எல்லாமே வந்துவிடும். நார்வே நாட்டில் உருவாகி 1995-ல் வெளியான க்யூடி என்ற தொகுப்பு இந்த வழியை மிக நேர்த்தியாகச் செய்திருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் விருப்ப அளவு ஒன்று. அதைத் தாண்டி நீளலாமா, சுருங்கலாமா என்ற கொள்கை ஒன்று. பட்டன் உயரத்தில் நீளத் தேவையில்லை, அட்டவணை இரண்டு பக்கமும் நீள வேண்டும். இதை ஒரு முறை சொல்லிவிட்டால் போதும்.

தமிழுக்கு இது எவ்வளவு பெரிய உதவி செய்தது என்பதற்குக் கண்முன் சாட்சி இருக்கிறது. லினக்ஸ் டெஸ்க்டாப்புகளில் கேடிஇ க்யூடியால் ஆனது, க்னோம் ஜிடிகே என்ற இன்னொரு தொகுப்பால் ஆனது. இரண்டிலும் லேஅவுட் மேனேஜர்தான் திரையை அடுக்குகிறது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பல நாடுகளில் இருந்த தமிழ் ஆர்வலர்கள், சம்பளம் எதுவும் இல்லாமல், இவற்றைத் தமிழாக்கத் தொடங்கினார்கள். அவர்கள் கையில் இருந்தது வெறும் சொற்பட்டியல் கோப்பு. ஆங்கில வரி ஒன்று, அதற்குக் கீழே தமிழ் வரி ஒன்று. திரை வடிவத்தை அவர்கள் தொட வேண்டியதில்லை. நிரலாளராக இருக்க வேண்டியதும் இல்லை. சொல் நீண்டால் பட்டன் நீண்டது. அதே காலத்து விண்டோஸ் நிரல்களில் உரையாடல் பெட்டி ஒவ்வொன்றையும் திறந்து, ஒவ்வொரு லேபிளையும் மவுஸால் இழுத்து அகலமாக்க வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான பெட்டிகள் கொண்ட மென்பொருளுக்கு இதைச் செய்யப் பெரிய நிறுவனத்தால்தான் முடியும். தன்னார்வலர்கள் லினக்ஸ் பக்கம் அவ்வளவு தூரம் போக முடிந்ததற்கு மூல நிரல் திறந்திருந்தது ஒரு காரணம் என்றால், திரை இளகிக் கொடுத்தது இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தை நம்மில் யாரும் போதிய அளவு பேசவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. சிடாக் சென்னை மையம் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் இந்த அடித்தளத்தின் மேல்தான் நின்றது. அரசு தந்த இலவச மடிக்கணினியில் அதைப் பார்த்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள்.

இப்போது இந்த எல்லைப்புறத்தின் தனிச் சிக்கலுக்கு வருகிறேன். தமிழ் எழுத்து பெரும்பாலும் பக்கவாட்டில் இடம் கேட்கும். மெய்யெழுத்துகளை நாம் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவதில்லை. புள்ளி வைத்து வரிசையாக எழுதுகிறோம். கன்னடத்திலும் தெலுங்கிலும் அப்படி இல்லை. இரட்டித்த மெய் வந்தால் இரண்டாவது எழுத்து முதல் எழுத்தின் அடியில் ஒத்தாகத் தொங்கும். அந்த வரிக்கு உயரம் வேண்டும். ஆங்கிலத்துக்கு அளந்த உயரத்தில் போட்டால் அடி எழுத்து பாதி வெட்டுப்படும்; கன்னடம் படிக்கிறவருக்கு அது வேறு சொல்லாகக்கூடத் தெரியலாம். ஆக, தமிழுக்காக அகலத்தை மட்டும் கூட்டி வைத்தவரின் திரை கன்னடத்தில் உடையும். மூன்று மொழிக்கும் பொதுவாக ஒரு எண்ணைக் கண்டுபிடிக்கலாம் என்று முயன்றவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் பெரிய அளவை எடுத்துக்கொண்டால், ஆங்கிலத்தில் பார்க்கும்போது திரை பாழ்நிலம் மாதிரி இருக்கும். எது எதோடு சேர்ந்தது என்றே தெரியாது. எழுத்தைக் கேட்டு அளப்பது ஒன்றுதான் வழி.

உருது இன்னும் ஒரு படி மேலே. வலமிருந்து இடம் போகிற எழுத்து. நஸ்தலீக் வடிவத்தில் எழுதினால் சொல் சரிந்து கீழே இறங்கும். உருதுத் திரையில் எழுத்தை மட்டும் திருப்பினால் போதாது. லேபிள் வலப்பக்கமும் பெட்டி இடப்பக்கமுமாக முழு அடுக்கும் கண்ணாடியில் பார்த்தது போல் திரும்ப வேண்டும். நான்கு எண்ணால் வரைந்த ஃபார்மில் இதைச் செய்ய வேண்டுமானால் புதிதாகத்தான் வரைய வேண்டும். க்யூடியிலோ ஜிடிகேயிலோ லேஅவுட் மேனேஜரிடம் திசையைச் சொன்னால் மொத்தமும் திரும்பிவிடும். அதற்கு ஒரே நிபந்தனை, நிரல் எழுதுகிறவர் ‘இடம்’, ‘வலம்’ என்று எழுதாமல் ‘தொடக்கம்’, ‘முடிவு’ என்று எழுதியிருக்க வேண்டும்.

உறவைச் சொல்லிவிட்டு இடத்தைக் கணினி கண்டுபிடிக்கட்டும் என்ற எண்ணத்தின் மூலம் ரொம்பப் பழையது. 1963-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஐவன் சதர்லண்ட் தன் ஆய்வுக்காக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை எழுதினார். ஒளிப்பேனாவால் கோணல்மாணலாக நான்கு கோடு போட்டுவிட்டு, இவை இணையாக இருக்கட்டும், இவை சம நீளமாக இருக்கட்டும் என்று சொன்னால் படம் தானே நிமிர்ந்துகொள்ளும். அந்த வழியில் ஆலன் போர்னிங் பல ஆண்டுகள் உழைத்தார். 1990-களின் பிற்பகுதியில் அவரும் கிரெக் பாட்ராஸ், பீட்டர் ஸ்டக்கி இருவரும் காசோவரி என்ற கணக்குமுறையை உருவாக்கினார்கள். ‘இந்த பட்டனின் அகலம் அந்த பட்டனின் அகலத்துக்குச் சமம்’, ‘இந்த இடைவெளி 8-க்குக் குறையக் கூடாது, முடிந்தால் 20 இருக்கட்டும்’ என்று சமன்பாடுகளாகக் கொடுத்தால் அது தீர்த்து வைக்கும். ‘கட்டாயம்’ என்பதையும் ‘முடிந்தால்’ என்பதையும் பிரித்துச் சொல்ல முடிகிறதே, அதுதான் அதன் அழகு. ஆப்பிள் நிறுவனம் 2011-ல் மேக் கணினியில் கொண்டுவந்த ஆட்டோ லேஅவுட் இந்தக் காசோவரியின் மேல் கட்டியது. கல்லூரியில் லீனியர் புரோகிராமிங் நடத்தும்போது சிம்ப்ளெக்ஸ் முறையை எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கிற மாணவர்களுக்கு இதைக் காட்டலாம். காசோவரியின் அடியில் இருப்பது சிம்ப்ளெக்ஸ்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. லேஅவுட் மேனேஜர் அளவைப் பார்த்துக்கொள்ளும். எதற்குப் பக்கத்தில் எது இருக்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. பிரிண்டுக்குப் பக்கத்தில் கிளியரை வைத்த தவறை எந்தக் கணக்கும் திருத்தாது. பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954-ல் அளந்து சொன்னார்: கை ஓர் இலக்கை அடைய ஆகும் நேரம் அதன் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது. ஆலையில் கையுறை போட்ட விரலால் தொடுதிரையை அழுத்துகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கான மவுஸைப் பிடிக்கிறார்கள். நூறு முறை அழுத்துகிற பட்டன் பெரிதாகவும் கைக்கு அருகிலும் இருக்க வேண்டும். அழிக்கிற பட்டன் தள்ளி, வேறு ஓரத்தில் இருக்க வேண்டும். பெட்டிகளின் வரிசை வேலை நடக்கிற வரிசையோடு ஒத்துப்போக வேண்டும். வண்டி மேடையில் ஏறுகிறது, எண்ணைப் பார்க்கிறார், பார்ட்டி பெயரைக் கேட்கிறார், சரக்கைக் கேட்கிறார், பிறகு எடையைப் பிடிக்கிறார் என்றால் திரையும் அப்படியே மேலிருந்து கீழே இறங்கட்டும். எத்தனையோ நிரல்களில் டேட்டாபேஸில் இருக்கிற வரிசைப்படியே பெட்டிகளைப் போட்டுவிடுகிறார்கள். திரை எழுதுகிற ஒவ்வொருவரும் முதலில் போய் அந்த ஆப்பரேட்டருக்குப் பின்னால் ஒரு ஷிஃப்ட் முழுக்க நின்று பார்க்க வேண்டும். அவரிடம், “அண்ணே, இதுல உங்களுக்கு எது தொல்லையா இருக்கு?” என்று கேட்க வேண்டும். புத்தகத்தில் கிடைக்காதது அங்கே கிடைக்கும்.

எழுதி முடித்ததும் சோதிப்பதற்கு ஒரு எளிய வழி உண்டு. பெரிய நிறுவனங்கள் போலி மொழி என்று ஒன்றை வைத்துக்கொள்கின்றன. ஆங்கிலச் சொற்களையே வேண்டுமென்றே இழுத்து நீட்டி, எழுத்துகளின் மேலும் கீழும் குறிகள் சேர்த்துத் திரையில் போட்டு எங்கே வெட்டுகிறது என்று பார்ப்பார்கள். நமக்குப் போலி மொழி எதற்கு? நம்மிடம் அசல் மொழிகளே இருக்கின்றன. ஒரு சொல்லைத் தமிழில் மிக நீளமாக எழுதுங்கள். இன்னொன்றைக் கன்னடத்தில் ஒத்தெழுத்து வருகிற மாதிரி எழுதுங்கள். விண்டோஸ் அளவை 150 சதவீதமாக்குங்கள். விண்டோவின் மூலையைப் பிடித்துச் சுருக்கிப் பாருங்கள், முழுத் திரைக்கு விரித்துப் பாருங்கள். கால் மணி நேர வேலை. இதில் தேறாத திரையை வாங்க மாட்டோம் என்று ஆலை நடத்துகிறவர்கள் சொல்லத் தொடங்கினால், எழுதித் தருகிறவர்கள் தாமாகவே மாறுவார்கள். பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இப்போது எல்லாமே பிரவுசருக்குப் போய்விட்டதே, டெஸ்க்டாப் நிரலை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். எடைமேடையின் சீரியல் போர்ட்டும், டெஸ்ட் பெஞ்சின் சென்சாரும், நெட் போன பிறகும் நகர வேண்டிய வண்டி வரிசையும் அதற்குப் பதில். பிரவுசருக்கே போனாலும் அங்கே பக்கத்தை அடுக்குகிற ஃப்ளெக்ஸ்பாக்ஸும் கிரிடும் இதே எண்ணத்தின் பிள்ளைகள்தான். இங்கே கற்றது வீண் போகாது.

கடைசியாகப் பழைய நிரல்களைப் பற்றி. இந்த வட்டாரத்தில் ஓடுகிற ஃபார்ம்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. எழுதியவர் ஊரை விட்டே போயிருப்பார். மூல நிரல் எந்த சிடியில் இருக்கிறது என்றே தெரியாது. மூல நிரல் கையில் இருந்தால் முழுவதையும் மாற்ற வேண்டாம். இண்டிகேட்டரிலிருந்து எடையை வாங்குகிற பகுதியும் சீட்டு அடிக்கிற பகுதியும் பல வருடம் அடிபட்டுத் தேறியவை. அவற்றின் தர்க்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு முகப்பை மட்டும் புதிதாக அடுக்கலாம். டாட்நெட்டுக்குப் போகிறவர்களுக்கு 2005 முதலே டேபிள் லேஅவுட் பேனல் இருக்கிறது. பத்தி, வரி இரண்டையும் ‘ஆட்டோசைஸ்’ என்று விட்டால் எழுத்துக்கேற்ப விரியும். மூல நிரல் இல்லாதவர்கள் இப்போதைக்கு ஒன்று செய்யலாம். விண்டோஸ் அளவை 100 சதவீதத்துக்குக் கொண்டுவந்து பிரிண்ட் பட்டனைத் திரைக்குள் வரவையுங்கள். ஜன்னல் பக்கம் விவசாயிக்குத் தெரிகிற மாதிரி இரண்டாவது மானிட்டர் ஒன்றை மாட்டுங்கள். அதில் லோடு எடை, காலி எடை, நிகர எடை மூன்றையும் மட்டும் பெரிய எழுத்தில், அவரவர் மொழியில் காட்டுகிற ஒரு சின்ன நிரலை டிகிண்டரில் எழுதுங்கள். பழைய நிரல் தன் பதிவுகளை வைத்திருக்கிற டேட்டாபேஸிலிருந்து மூன்று எண்ணைப் படித்தால் போதும். ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்கள் இரண்டு பேர் ஒரு வாரத்தில் முடிக்கக்கூடிய வேலை இது. அடுத்த சீசனில் காய் இறங்குவதற்கு முன் இதைச் செய்ய விரும்புகிற ஆலைக்காரர்களும் மாணவர்களும் கூட்டம் முடிந்ததும் இருங்கள். மாதிரி நிரலைக் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் சொற்களைப் போட்டு இங்கேயே ஓட்டிப் பார்ப்போம்.